குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிய டீ

1

பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் படிவம் வந்து இரண்டு வாரமாகிறது. ஆஸ்திரேலியாவில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. மாணவர்களை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போவதற்கு முன்னாலும் ஒன்று நிரப்பினேன். அலை எவ்வளவு உயரம் எழும், தெருநாய்கள் உண்டா, உண்டென்றால் அவற்றின் நடத்தை எப்படி என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மாமல்லபுரத்து நாய்களின் நடத்தையைப் பற்றி நான் என்ன கண்டேன்? 'பெரும்பாலும் தூங்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைத்துவிட்டது.

இப்போது வந்திருப்பது போய்வந்த பிறகு நிரப்ப வேண்டிய படிவம். 'நமது கத்தோலிக்கக் கல்வி மரபு இந்தப் பயணத்தில் மாணவர்களுக்கு எவ்வாறு அறிமுகம் செய்யப்பட்டது? யாரால்?' என்று ஒரு கேள்வி. அந்த 'யாரால்' தான் என்னை உட்கார விடாமல் செய்கிறது. என் பெயரைப் போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இன்னொருத்தி பெயரைப் போடக் கை வரவில்லை. அதனால் படிவத்தை மூடிவைத்துவிட்டு ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

2

என் பெயர் ஸ்டெல்லா. நெம்மேலிக்காரி. இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நிற்கிறதே, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு இருந்தது. அப்பா அடுத்தவர் நிலத்திலும் சவுக்குத் தோப்புகளிலும் கூலிக்குப் போனார். ஆறாம் வகுப்புக்கு என்னைச் செங்கல்பட்டில் கன்னியர் நடத்திய போர்டிங்கில் சேர்த்தார்கள். அங்கே படித்து நர்ஸாகி, மேலே படித்து, இப்போது ஆஸ்திரேலியாவில் அதே சபைக் கன்னியர் ஒரு காலத்தில் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் பாடம் நடத்துகிறேன். அங்கே இன்று கன்னியர் யாரும் இல்லை. சுவரில் படமாகத் தொங்குகிறார்கள்.

முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் 'மரபு அறிமுகம்' என்ற வகுப்பில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும். பல வருடமாக அதை நடத்துகிறவள் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டு வாங்கிய வேலை. என்னை ஆளாக்கிய ஒன்றைப் பற்றிப் பேசக் காசா பணமா? 'முழு மனிதரை வளர்ப்பது', 'கூடவே இருப்பது', 'ஒருவர்கூட விடுபடாமல் பார்ப்பது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடு போட்டிருக்கிறேன். பிள்ளைகள் இலவச பீட்சாவைத் தின்றுகொண்டு செல்போனைத் தடவுவார்கள். முதல் வருடம் 'என்னை வளர்த்தது என் சிஸ்டர்கள்தான், அவர்கள் அடித்த அடியில்தான் கணக்கு வந்தது' என்று உருக்கமாகச் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் தனியாக வந்து, அக்காள்களால் கொடுமைப்படுத்தப்பட்டவர்களுக்கு ஆலோசனை மையம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று காட்டினான்.

என் மகள் அனிட்டாவும் இதே பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிக்கிறாள். மரபு அறிமுகத்துக்கு என் வகுப்பைத் தவிர்த்து வேறொருவர் வகுப்பில் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். "மம், கேம்பஸில் என்னைப் பார்த்தால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே, ப்ளீஸ்" என்பாள். எதிரே வந்தால் நான் மொபைலைப் பார்ப்பதுபோல் போய்விடுவேன். பெற்ற பிள்ளைக்கு முன்னால் இப்படி ஒரு நாடகம்.

அவளுக்குத் தமிழும் வராது. அதற்கு நானே காரணம். இங்கே வந்த புதிதில் தமிழர் கூடும் ஒரு பொங்கல் விழாவில் என் பேச்சைக் கேட்டு ஒரு அம்மாள், "உங்க தமிழ் சினிமாவுல காமெடிக்கு வர்ற மாதிரி இருக்கே" என்று வாய்விட்டுச் சிரித்தாள். என் அப்பா பேசிய தமிழ் அது. அன்று வாயை மூடியவள்தான். மகளிடம் ஆங்கிலத்திலேயே பேசி வளர்த்துவிட்டேன்.

3

சென்ற ஆண்டு எங்கள் மரபு அலுவலகத்தின் பொறுப்பாளர் ஹெலன் ஒரு யோசனை சொன்னாள். மரபை ஸ்லைடில் காட்டினால் போதாது, மாணவர்கள் அது உயிரோடு இருக்கும் இடத்துக்குப் போகட்டும் என்றாள். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே அதே சபை நடத்தும் கல்லூரியில் பத்து நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஊர், என் கன்னியர், என் மாணவர்கள்! அனிட்டாவையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டேன். என்னை நேரில் பார்த்தால் நகரும் பிள்ளை, நான் எங்கிருந்து வந்தேன் என்பதையாவது என் வாயால் கேட்கட்டும் என்பதுதான் ஆசை.

அந்தக் கல்லூரி சார்பில் வீடியோ அழைப்பில் வந்து உட்கார்ந்தவள் தேவகி.

தேவகி என் போர்டிங் தோழி. இந்துப் பெண். உள்ளூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். அவர்கள் நிலத்தைப் போன்ற நிலங்களில்தான் எங்கள் ஆட்கள் களை பறித்தார்கள். போர்டிங்கில் அவளுக்கு வீட்டிலிருந்து முறுக்கு டின் வரும், எனக்குத் தபால்கூட வராது. அவள் முறுக்கைப் பங்கு போட்டுத்தான் தின்றாள், குறை சொல்ல முடியாது. அந்தக் குறை சொல்ல முடியாததுதான் எனக்கு அப்போதும் எரிச்சல். இப்போது அவள் அந்தக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை. வீடு ஊரப்பாக்கம். தினமும் ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறாள்.

வீடியோவில் என்னைக் கண்டதும் ஹெலனை மறந்துவிட்டாள். "இன்னாடி ஸ்டெல்லா! இன்னா இப்டி வெளுத்துப் போய்க்கீற? துன்றியா இல்லியா?" என்றாள். பிறகு ஹெலனிடம் ஆங்கிலத்தில் நிதானமாக, இங்கே மரபு என்று தனியாக எதையும் சொல்லித் தருவதில்லை, பிள்ளைகளோடு இருப்போம், அவ்வளவுதான் என்றாள். அழைப்பு முடிந்ததும் ஹெலன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "இவர்தான் அசல், இல்லையா ஸ்டெல்லா?" என்றாள்.

அசலாம். அப்படியானால் இத்தனை வருடம் ஸ்லைடு போட்டவள் யாராம்?

பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் வாங்கியவள் நான். என் சபையின் மரபுக்கு அவள் அசல், நான் ஏதோ ஜெராக்ஸ். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்பும் வாங்கியாயிற்று. பாவம் போனதே தவிர எரிச்சல் போகவில்லை.

4

டிசம்பர் தொடக்கத்தில் போய் இறங்கினோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. கல்லூரி வாசலில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வந்து இறங்கியிருந்தது. தேவகியும் அந்தப் பத்து நாளும் எங்களோடு விருந்தினர் இல்லத்திலேயே தங்கினாள். அனிட்டா கையைக் குலுக்கி "ஹலோ, ப்ரொபசர்" என்றதும் தேவகி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "இன்னா ப்ரொபசரு? உங்கம்மாவுக்கு நான் மூணு மாசம் மூத்தவ. பெரிம்மான்னு கூப்புடு."

அனிட்டா சிரித்துக்கொண்டே "பெரிம்மா" என்றாள். நான் பதினெட்டு வருடம் 'அம்மா' என்று சொல்ல வைக்கப் பார்த்துத் தோற்றவள். 'மம்' என்ற அரை வார்த்தையோடு காலம் தள்ளுகிறேன். இவளுக்கு முதல் நிமிடத்திலேயே அம்மா பட்டம், அதுவும் பெரிய அம்மா.

அன்று மாலை நான் ஸ்லைடுகளைத் தயாராக வைத்திருந்தேன். கரண்டு போய்விட்டது. தேவகி ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கிறிஸ் மா சீட்டு.

கான்வென்டில் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லோர் பெயரையும் எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். உங்களுக்கு யார் பெயர் வருகிறதோ அவர் உங்கள் குழந்தை, நீங்கள் அவருடைய கிறிஸ் மா. கடைசி நாள்வரை யாரென்று காட்டிக்கொள்ளாமல் அந்தக் குழந்தையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். போர்டிங்கில் காசு கிடையாது என்பதால் வேலையாகத்தான் செய்வோம். துணி காயப்போடுவது, பென்சில் சீவி வைப்பது, காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கி வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவது. துண்டுச் சீட்டு எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கையால் எழுதுவோம். கோணல்மாணலாக ஒரு சீட்டு வந்தால் கிறிஸ் மா என்று அர்த்தம்.

தேவகி இதை மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொல்லச் சொல்ல ஆஸ்திரேலியப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருவர் கையிலும் செல்போன் இல்லை. கல்லூரி மாணவிகளும் எங்கள் மாணவர்களும் நாங்கள் இருவரும் சேர்ந்து சீட்டெடுத்தோம். எனக்கு எமிலி என்ற மாணவியின் பெயர் வந்தது.

நான் தேவகியைத் தனியாக வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். "தேவகி, அனிட்டா பேரு யாருக்கு வந்துகீதுன்னு பாத்து எனக்கு மாத்திக் குடுடி."

"அதெல்லாம் ஆவாது. சீட்டுன்னா சீட்டுதான்."

"என் பொண்ணுடி அவ."

"அதான் சொல்றேன். உன் பொண்ணுக்கு நீ செய்யறதுக்குச் சீட்டு இன்னாத்துக்கு?"

அனிட்டா இவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும், அதனால்தான் விடமாட்டேன் என்கிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

5

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு டம்ளர் டீ. மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. இஞ்சி டீ. எனக்குச் சர்க்கரை நோய், டீயிலும் சர்க்கரை இல்லை. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. 'சூடா குடி' என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது.

இடது கை எழுத்து. போர்டிங் ஞாபகம் உள்ளவள் இங்கே இன்னும் ஒருத்திதான் இருக்கிறாள். என்னுடைய கிறிஸ் மாவும் தேவகிதானா? ஒருவருக்கு ஒரு சீட்டுத்தானே என்று புத்தி கேட்டது. அவளுக்கு எதுவும் முடியும், ரெண்டு எடுத்திருப்பாள் என்று மனசு சொன்னது. பொறாமைக்குக் கணக்கு வராது.

டீயை எடுத்துக்கொண்டு மாடி வராந்தா ஜன்னலருகே நின்றேன். கீழே சமையற்கட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே தேவகியும் என் மகளும். ஒரே அடுப்பின் முன்னால் தோள் இடிக்க நின்று ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பத்து மணிக்கு முன் எழுந்து அறியாத பிள்ளை அது. என் கை தானாகவே அந்த டீயை வராந்தாவில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றியது.

அடுத்த நாளும் டீ வந்தது. அதையும் ஊற்றினேன். ஒருநாள் மழையில் நனைந்த என் செருப்பு துடைத்துக் காயவைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் கொசுவத்தி ஏற்றி வைத்திருந்தது. கோணல் எழுத்தில் 'நல்லா தூங்கு'. என்னை நல்லா தூங்கச் சொல்லிவிட்டு என் பிள்ளையை வளைத்துப் போடுகிறாள் என்று கொதித்தேன்.

அனிட்டாவுக்கும் தினமும் ஏதாவது வந்தது. ஒருநாள் தலையணையில் கனகாம்பரம், ஒருநாள் பொட்டுக்கடலை உருண்டை. விதியை மீறி நானும் களத்தில் இறங்கினேன். மாமல்லபுரத்தில் கண்ணாடி வளையல் வாங்கி, பெயர் போடாமல் அவள் கட்டிலில் வைத்தேன். மாலையில் அவள் இரண்டு கையையும் குலுக்கிக்கொண்டு ஓடினாள், தேவகியிடம். "பெரிம்மா, லுக்!" என் காசில் வாங்கிய வளையல் தேவகி காதருகே கிலுகிலுத்தது.

அந்தப் பத்து நாளில் நான் பெரிதாக நினைத்திருந்தது நெம்மேலிப் பயணம். பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இங்கே சவுக்குத் தோப்பு இருந்தது, இங்கே என் அப்பா மரம் வெட்டினார், இந்தப் பாதையில் கன்னியர் இருவர் நடந்துவந்து என்னைப் பள்ளிக்குக் கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஏசி பஸ். பாதிப் பேர் தூங்கினார்கள். அனிட்டா கடைசி வரிசையில் தேவகியோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டாளா என்றே தெரியவில்லை.

ஆலையைத் தாண்டியதும் தேவகி எழுந்து, "அண்ணாத்த, கொஞ்சம் ஓரங்கட்டு" என்றாள். ரோட்டோரத்தில் ஒரு அம்மா வேகவைத்த பனங்கிழங்கு விற்றாள். எல்லோரும் திமுதிமுவென்று இறங்கினார்கள். தேவகி ஒரு கிழங்கை நடுவில் பிளந்து, நார்த்தும்பை உருவி, அனிட்டா வாயில் வைத்தாள். "மென்னு துன்னு. உங்கம்மா இதுக்குத்தான் தன் பங்கு முறுக்க என்கிட்ட வுட்டுக் குடுப்பா. ரெண்டுக்கு ஒண்ணு."

அனிட்டா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. நான் கடலைப் பார்க்கப் போய்விட்டேன். என் ஊர் மண்ணில் நின்று, என் ஊர்க் கிழங்கை, என் மகளுக்கு உரித்துக் கொடுக்க நான்தானே இருந்திருக்க வேண்டும்? இதைக்கூடவா இவள் எடுத்துக்கொள்வாள்?

எமிலிக்கு ஒரு சங்குச் சாவிக்கொத்து வாங்கினேன். அதைக் கொடுக்கவும் மறந்து என் பையிலேயே கிடந்தது.

6

கிளம்புவதற்கு முந்தின மாலை எல்லோரும் விருந்தினர் இல்லத்து முற்றத்தில் குடிலைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் எழுந்து தன் கிறிஸ் மா யாரென்று ஊகித்துச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் அவர் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்.

எமிலி எழுந்தாள். "என் கிறிஸ் மாவுக்கு வேலை அதிகம் போல. பரவாயில்லை" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். 'ஒருவர்கூட விடுபடாமல்' என்பது என் ஸ்லைடு. அதைத் தயாரித்து மாட்டிக்கொண்டவளும் நானே. எழுந்து அந்தச் சாவிக்கொத்தை நீட்டியபோது காது மடல் சுட்டது.

அனிட்டா தன் முறைக்கு ஒரு கல்லூரி மாணவியின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் வெட்கத்தோடு வந்து கட்டிக்கொண்டாள். கனகாம்பரமும் உருண்டையும் அவள் வைத்ததாம். எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. வளையல் யாருடையது என்று அனிட்டா கேட்டாள். நான் குனிந்து குடிலின் வைக்கோலைச் சரிசெய்தேன்.

என் முறை வந்தது. "தேவகி" என்றேன். சொல்லும்போதே குரலில் காரம் ஏறிவிட்டது.

கல்லூரிப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தேவகி கையை விரித்தாள். "மாதா மேல சத்தியமா நான் இல்லடி. எனக்கு வந்தது அந்தக் கண்ணாடி போட்ட புள்ள."

அப்போது அனிட்டா எழுந்தாள்.

அவள் முகம் சிவந்திருந்தது. கூட்டத்துக்கு நடுவே, எல்லோர் முன்னாலும், என்னைத் தெரியாத மாதிரிப் போகச் சொன்ன பிள்ளை என் எதிரே வந்து நின்றாள். உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, நான் போட்ட டீ நல்லா இருந்துச்சா? சக்கர போடல. பெரிம்மா சொல்லிக் குடுத்துச்சு. எழுத்தும்."

என் அப்பா பேசிய தமிழ். ஏற்ற இறக்கம் உட்பட அதே தமிழ், என் மகள் வாயில். யாரும் காமெடி என்று சிரிக்கவில்லை. அந்தக் கோணல் எழுத்துக்கு இடது கை காரணமில்லை. வலது கையால், அப்போதுதான் கற்றுக்கொண்டு, கஷ்டப்பட்டு எழுதிய எழுத்து. உலகத்தில் வேறு எவளாக இருந்தாலும் புதிதாக எழுதப் பழகுகிற பிள்ளையின் கையெழுத்து என்று கண்டுபிடித்திருப்பாள். போர்டிங்கில் வளர்ந்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றேன். வேறென்ன சொல்வேன்? கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை நிஜம், டீ பொய். அவள் தோளுக்கு மேலே தேவகி தெரிந்தாள். அவள் மாடி வராந்தாப் பக்கம், அந்தக் குரோட்டன்ஸ் தொட்டியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்திருந்தால் அவளைப் பிடிக்காமல் போக எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

7

கிளம்பும் நாள் காலையில் விடியும் முன்பே விழித்துவிட்டேன். கதவைத் திறந்தேன். வாசலில் டம்ளர் இல்லை. விளையாட்டு முடிந்துவிட்டதே, இனி எதற்கு வரும்? அத்தனை டீ. ஒன்றின் ருசிகூட எனக்குத் தெரியாது.

சமையற்கட்டுக்கு இறங்கிப் போனேன். அனிட்டா தனியாக அடுப்படியில் நின்றாள். கையில் வளையல். ஒரே ஒரு டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கா?" என்றேன்.

"இல்லம்மா, பெரிம்மாவுக்கு. அவங்க கிளம்பறாங்க. ஊரப்பாக்கம் போகணும். இதுல சக்கர கீது, உனக்கு வேற போடறேன்."

நான் அந்த டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பதுகூடச் சரியில்லை, பிடுங்கினேன். "அம்மா, நோ!" என்று அவள் தடுக்க வருவதற்குள் வாயில் வைத்துவிட்டேன். இஞ்சி கொஞ்சம் அதிகம். தித்திப்பு அதைவிட அதிகம், தேவகிக்குப் பிடித்த போர்டிங் தித்திப்பு. நாக்கு சுட்டது. வாசலில் தேவகி, "இன்னா அனிட்டா, என் டீ ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றாள்.

அவளைப் பார்த்துக்கொண்டே அடிமண்டி வரைக்கும் குடித்தேன். அவளுக்கு ஒரு சொட்டு வைக்கவில்லை.